ரஜியா தராத எண்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் தொடங்கியது. சண்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கைபேசியில் நாலு வரி. பழைய பொருள் விற்கிற செயலி ஒன்றில், பிள்ளைகள் உட்கார்ந்து எழுதுகிற மேசையின் படத்தைப் பார்த்தேன். பேத்திக்குப் பிடித்த பச்சை நிறம். 'உங்கள் நம்பர் தாருங்கள்' என்று எழுதினேன். 'இங்கயே பேசலாம் சார்' என்று பதில் வந்தது. மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே பதில். மூன்றாவது தடவை, 'நம்பர் தராமல் என்ன வியாபாரம்? திருட்டுப் பொருளா?' என்று எழுதிவிட்டேன்.

அனுப்பிய பிறகு எனக்கே சீ என்று ஆகிவிட்டது. ரிஷிவந்தியத்தில் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவன் நான். மரியாதை என்ற தலைப்பில் எத்தனை பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைத்திருப்பேன்! அந்தப் பக்கம் கோபம் ஒன்றும் இல்லை. 'கள்ளக்குறிச்சி வந்து நேர்ல பாத்து எடுத்துக்கோங்க சார். பழைய பில்லும் இருக்கு' என்று மட்டும் வந்தது. கடையின் பெயரும் தெருவும் அதன் கீழே இருந்தன.

போனேன். மேசையை வாங்கினேன். மன்னிப்பும் கேட்டேன். கதை அங்கேதான் கிடைத்தது.

2

இதை எப்படித் தொடங்குவது என்று நாலு நாள் திண்டாடினேன்.

"கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில், ரஜியா தன் கைபேசியை

வேண்டாம். மேசை விற்ற ரஜியாவின் கடையிலிருந்து மலை தெரியாது. எதிரே ரீசார்ஜ் கடையின் பலகைதான் தெரியும்.

"ஒரு பெண்ணின் தொலைபேசி எண் என்பது நம் சமூகத்தில்

இதுவும் வேண்டாம். வாத்தியார் எட்டிப் பார்க்கிறார்.

"செருப்புக் கடையின் பின்பக்கம் பதினோரு நடைவண்டிகள் நின்றன."

இது இருக்கட்டும். உண்மையும்கூட. எண்ணிப் பார்த்தேன்.

[ரஜியா என்பது அவருடைய பெயர் இல்லை. பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது சிரித்தார். "இன்னா பேரு வேணா வெச்சுக்கோங்க சார். நம்பர மட்டும் போட்டுறாதீங்க" என்றார். தெருவை மாற்றிவிட்டேன். செருப்புக் கடைகூட செருப்புக் கடைதானா என்று நீங்கள் கேட்கக்கூடாது.]

3

செருப்புக் கடை அவருடைய கணவர் பைரோஸுடையது. பின்பக்கம் எட்டடிக்கு ஆறடி இடத்தில் ரஜியாவின் வியாபாரம். நகரத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் நடைவண்டி, தொட்டில், சின்ன சைக்கிள் எல்லாம் பரண்மேல் தூசியோடு கிடக்கும். அவற்றை வாங்கிவருவார். சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, திருகாணி முடுக்கி, மொட்டைமாடி வெயிலில் படமெடுத்துச் செயலியில் போடுவார். இரண்டு வருடமாக நடக்கிறது. நன்றாகவே நடந்தது.

செயலியில் 'எண்ணைக் காட்டு' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வாங்குபவர் நேராகக் கூப்பிடலாம். அழுத்தாவிட்டால் எழுதித்தான் கேட்கவேண்டும். ரஜியா முதலில் அழுத்தித்தான் வைத்திருந்தார்.

"அப்ப வாரத்துக்கு எட்டு, பத்து பொருள் போவும் சார். பாதி மலைக்காரங்க. வெள்ளிமலை, அதுக்கு அந்தாண்ட இருக்குற ஊருங்க. அவங்க எழுதிகினு இருக்க மாட்டாங்க. கூப்புடுவாங்க, 'இருக்குதாம்மா'ன்னு கேப்பாங்க, பஸ் ஏறி வந்து தூக்கினு போய்டுவாங்க."

"அப்புறம் ஏன் எடுத்துட்டீங்க?"

"வாங்காதவங்களும் கூப்ட்டாங்களே."

அதைச் சொல்லும்போது அவர் ஒரு நடைவண்டியின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்க ஒருவன். குரல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஒருவன். தினமும் காலையில் ரோஜாப் படம் அனுப்ப ஒருவன். கொஞ்சநாள் பைரோஸ் எடுத்துப் பேசினார். அவருடைய 'அலோ'வைக் கேட்டதும் பாதிப்பேருக்குத் தொட்டில் தேவையில்லாமல் போய்விட்டது.

இதற்கெல்லாம் ரஜியா பயப்படவில்லை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், உளுந்தூர்பேட்டைப் பக்கம் செயலியில் விற்கிற பெண்கள் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். தொல்லை தருகிற எண் வந்தால் அதை அங்கே போட்டு, பக்கத்தில் ஒரு வரி எழுதுவார்கள். 'வழிசல்.' 'விலை கேட்டுட்டு வீடு எங்கன்னு கேப்பான்.' சாயங்காலத்துக்குள் நாற்பது போன்களிலும் அந்த எண்ணைத் தடுத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். யாரும் விசாரணை கேட்பதில்லை. போட்டவள் சொன்னால் சரி.

அவர் பயந்தது பேசாத ஒரு எண்ணுக்கு.

"வெள்ளிக்கெழம எங்க வூட்டு பாய் ஜும்மா தொழுகைக்குப் போவாரு. ஒரு மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் கடையில நா மட்டும்தான். கரெக்டா ஒன்னேகாலுக்கு வரும் சார் போன். எடுத்தா பேச்சே இல்ல. உஸ்ஸுன்னு ஒரு சத்தம். வெச்சா மறுபடி. நாலு வெள்ளிக்கெழமையில பதினாலு தடவ. நா ஒத்தையில இருக்குற நேரம் அவனுக்கு எப்பிடித் தெரியும்? எதுத்தாப்புல நின்னுகினு பாத்துகினே கூப்புடுறானோன்னு..."

ஐந்தாவது வெள்ளி வருவதற்குள் அந்த எண்ணைக் குழுவில் போட்டார். 'பேசமாட்டான், வெள்ளி மதியம்.' அன்றைக்கே செயலியில் பொத்தானையும் அணைத்துவிட்டார்.

இப்போது வாரத்துக்கு ஒன்று போனால் அதிகம். மலையிலிருந்து ஆளே வருவதில்லை. பொங்கல் சரக்கு இறக்க பைரோஸுக்குப் பின்பக்க இடம் வேண்டும். அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. "நம்பர் போட்டு ஓட்டறதுன்னா ஓட்டு, நா வேற எடம் பாத்துக்கறேன். இல்லன்னா காலி பண்ணிடு. எதுன்னாலும் உன் இஷ்டம், பொங்கலுக்குள்ள சொல்லு" என்று சொல்லியிருக்கிறார். எண்ணைப் போட்டால் வியாபாரம் பிழைக்கும், அந்த ஒன்றேகால் மணி போல இன்னொன்றும் வரலாம். போடாவிட்டால் நிம்மதி உண்டு, பதினோரு நடைவண்டிகளும் காயலான் கடைக்குப் போகும்.

"நீங்க இன்னா சார் நெனைக்கிறீங்க?" என்று கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று மேசையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எழுதுகிறவர்களின் வீரம் இவ்வளவுதான்.

4

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே யோசனை கதை எழுதுவது. அந்தப் பேசாத எண்ணுக்கு ஒரு ஆளை உண்டாக்கினேன்.

அவருக்குப் பச்சமுத்து என்று பெயர் வைத்தேன். வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிற்றூர், ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, ஒரு மகள். முதல் பிரதியில் அந்த மகளுக்குக் கால் ஊனம், நடக்க வராது என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். உங்கள் கண்ணைக் கசக்கவைக்க ஒரு குழந்தையின் காலை உடைப்பது மலிவான வேலை. கால் நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூடத்து டீச்சரின் போனில் ரஜியா போட்ட சிவப்பு மூன்றுசக்கர சைக்கிளைப் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான். அது வேண்டும் என்று அடம். டீச்சர் அந்த எண்ணை நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினார்.

பச்சமுத்துவின் ஊரில் சிக்னல் இல்லை. சந்தைக்குப் போய்த் திரும்புகிற வழியில், ஒரு வளைவில், பாறைமேல் ஏறி நின்றால் ஒரு கோடு வரும். சந்தை வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்கிறேன். (விசாரித்துச் சரிபார்க்கவேண்டும். தவறாக இருந்தால் மலைக்காரர்கள் மன்னிக்கவும்.) சந்தை முடித்து அந்தப் பாறைக்கு வரும்போது மணி ஒன்றேகால்.

அந்த ஒரு கோட்டில் மணி போகும். ரஜியாவின் "அலோ, யாருங்க?" இவருக்குத் தெளிவாகக் கேட்கும். இவர் குரல் அங்கே போகாது. காற்றுதான் போகும்.

"அலோ! அம்மா! அந்தச் செவப்பு சைக்கிளு இருக்குதுங்களா?"

"அலோ? யாரு? பேசுங்க!"

"பேசறேங்க! சைக்கிளுங்க! வெள்ளிமலைலேர்ந்துங்க!"

டொக்.

இப்படிப் பதினாலு தடவை. அடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பு போகவே இல்லை, லைன் பிஸி என்று வந்தது. டீச்சரிடம் வேறு விற்பனைக்காரரின் எண் வாங்கினார். அதுவும் பிஸி. இன்னொன்று. அதுவும்.

"டவுன்ல எல்லாரும் பிஸியா இருக்காங்க கண்ணு" என்று மகளிடம் சொன்னார்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டேன். எனக்கே என்னைப் பிடித்துப்போன நாள் அது.

[ஒரு சந்தேகம். நான் ஏன் அந்தப் பேசாதவனை நல்லவனாக்கினேன்? முதல் காரணம், நானும் மூன்று தடவை நம்பர் கேட்டவன். ஒரு ஆணாவது இந்தக் கதையில் குற்றமில்லாமல் இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டாவது காரணம் யோசித்தேன், கிடைக்கவில்லை.]

5

அச்சுக்குப் போகும் முன் ரஜியாவிடம் காட்டுவதுதான் முறை. தாள்களை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். சோப்புத் தண்ணீர் பகுதியில் சிரித்தார். பச்சமுத்து வந்த பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முடித்துவிட்டு மறுபடியும் அதே பக்கத்துக்குப் போனார்.

"சார், இவுரு யாரு?"

"யாரும் இல்லம்மா. நானா எழுதினது."

"அப்பிடி ஒருத்தரு இல்லவே இல்லியா?"

"இல்ல."

"இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் போனை எடுத்து, தடுத்துவைத்த எண்களின் பட்டியலைத் திறந்தார். அந்த எண்ணைக் காட்டவில்லை, கையால் மறைத்துக்கொண்டார். அதன் கீழே இருந்த தேதிகளைக் காட்டினார். தடுத்த பிறகும் அழைப்புகள் வந்துகொண்டேதான் இருந்தன. போன வெள்ளிக்கிழமை இரண்டு. இரண்டும் ஒன்றேகால் சுமாருக்கு.

"நிம்மதியா பூட்டி வெச்சிருந்தேன் சார் இந்த நம்பர. இப்ப போயி பாற, வளைவு, பொண்ணுன்னு எழுதிட்டீங்க. நேத்து வரைக்கும் பயந்தேன். இனிமே பயப்படறதா, பாவப்படறதா? நாப்பது பேருகிட்ட நாதான சொன்னேன் அவனப் பத்தி."

"அது கதைம்மா. அப்படி இருக்கணும்னு இல்ல."

"நா நெனச்சதும் கததான சார். எதுத்தாப்புல நின்னு பாக்குறான்னு. அவன நா பாத்தேனா?"

பைரோஸ் முன்பக்கத்தில் யாருக்கோ எட்டாம் நம்பர் செருப்பு காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட தாழ்ப்பாளை, சும்மா உட்கார்ந்து கற்பனை செய்து நான் ஆட்டிவிட்டேன்.

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில், பச்சமுத்து பஸ் ஏறி வந்து கடை வாசலில் நோட்டுத்தாளோடு நிற்கிறார். ரஜியா அழுகிறார். சைக்கிளை இலவசமாகத் தருகிறார். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில், எதிர்க்கடைப் படியில் ஒருவன் போனைக் காதில் வைத்தபடி ரஜியாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ரஜியா பொருளையெல்லாம் விற்று

இதை முடிக்க மனம் வரவில்லை.

மூன்றாவதை எழுதத் தொடங்குவதற்குள், செயலி வழியாக ரஜியாவிடமிருந்தே செய்தி வந்தது. இன்னும் எனக்கு நம்பர் தரவில்லை. சரிதான். அவர் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்:

'சார், அந்த ஒரு நம்பருக்கு மட்டும் பிளாக் எடுத்துட்டேன். குரூப்புல சொல்லல, என் போன்ல மட்டும். நாளைக்கு பாய் கடையில இருக்கறேன்னாரு. வேணாம், ஜும்மாவுக்கு போங்க, நானே எடுக்கறேன்னுட்டேன். சைக்கிள் கேட்டா ஆப்புல நம்பர் போட்டுடுவேன், குரூப்புலயும் அது நல்ல நம்பர்னு சொல்லிடுவேன். பேசாம இருந்தா பொங்கலுக்கு எடத்த காலி பண்ணி குடுத்துடுவேன். நீங்க இனிமே எதுவும் எழுதி மாத்தாதீங்க.'

மாற்றவில்லை. இன்று வியாழக்கிழமை சாயங்காலம். மூன்றாவது முடிவை நான் எழுதப்போவதில்லை. அதை எழுதவேண்டியவர் அந்தப் பேசாத எண்ணுக்காரர்; இதை வாசிப்பவர்களில் அவர் ஒருவராக இருக்கலாம். மற்றவர்கள் மன்னிக்கவும், இனி அவரோடு மட்டும் பேசுகிறேன்.

ஐயா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. எண்ணும் தெரியாது. நாளை ஒன்றேகாலுக்கு நீங்கள் கூப்பிட்டால் மணி போகும், அவர் எடுப்பார். நீங்கள் மலையில் இருப்பவர் என்றால் அந்த வளைவிலேயே நின்றுவிடாதீர்கள். கால் வலித்தாலும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, குரல் போகிற இடத்துக்கு வந்து கூப்பிடுங்கள். எதிர்த்தாப்போல் நிற்பவர் என்றால், போனையே பார்த்தபடி கடையில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பது உங்களுக்கு அங்கிருந்தே தெரியும். கூப்பிடாமல் போய்விடுங்கள்.