மாமா கட்டிய பேனர்

என் தம்பி நீச்சலில் சாம்பியன் ஆனதற்கு மாமாதான் காரணம் என்று ஊரே சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். அவனுக்குத் தவளை என்று பெயர் வைத்ததும், "தண்ணில கெடந்து என்னத்தடா கிழிக்கப்போற?" என்று வருஷக்கணக்கில் நக்கலடித்ததும் அதே மாமாதான். அவன் பதக்கங்களாக வாங்கிக் குவித்த பிறகு மாமாவுக்கு ஞானோதயம் வந்தது. நீச்சல் கிளப்புக்கே செயலாளர் ஆகிவிட்டார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் மனிதருக்கு இன்றைக்கும் உதறல்தான்.

அன்று தம்பிக்குக் கடைசி வாய்ப்பு. தேர்வுக் குழுவினர் எங்கள் கிளப்புக்கே வந்து, அவனைத் தனியாக நீந்தவிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. குறித்த நேரத்துக்குள் முடித்தால் உலகப் போட்டி. தவறினால், வயதாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவன் நீந்துவது மல்லாந்து. போகிற திசை அவன் கண்ணுக்குத் தெரியாது. சுவர் நெருங்குவதைக் காட்டத்தான், சுவருக்குக் கொஞ்சம் முன்னால், குளத்தின் குறுக்கே உயரமாகக் கொடிக் கயிறு கட்டியிருப்பார்கள். கொடி தலைக்கு மேல் வந்ததும் நாலு கை வீசுவான், புரளுவான், சுவரை உதைத்துத் திரும்புவான். என்னை நம்பாவிட்டாலும் அந்தக் கொடியை நம்புவான்.

காலை ஒத்திகையில் எல்லாம் சரியாக இருந்தது. மதியம் மாமா ஒரு பேனரைக் கொண்டுவந்து, விருந்தினர் நாற்காலிகளுக்கு நேர் எதிரே, தூரத்துச் சுவருக்குப் பின்னால் கம்பம் நட்டுக் கட்டினார். தம்பியின் சிரித்த முகம். அடியில் 'எங்கள் வீட்டுத் தங்கமீன்'. தவளைக்குப் பதவி உயர்வு.

நான் சாப்பிடப் போன நேரத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்து அழகு பார்த்திருக்கிறார். கொடிகள் சரியாக மருமகனின் மூக்கை மறைத்திருக்கின்றன. மனசு கேட்குமா? கயிற்றை அவிழ்த்து, பேனர் கம்பத்திலேயே, முகத்துக்குக் கீழே தோரணமாகக் கட்டிவிட்டார்.

நான் திரும்பி வருவதற்குள் விசில் ஊதிவிட்டது. தம்பி பறந்தான். அப்படி ஒரு வேகத்தை அவனிடம் நான் பார்த்ததே இல்லை. கொடி வரட்டும், கொடி வரட்டும் என்று போனவன் தலை சுவரில் மோதிய சத்தம் எங்கள் நாற்காலி வரை கேட்டது.

முதலுதவி அறையில் நர்ஸ் தையல் போட்டுக்கொண்டிருந்தார். குழுவினர் வருத்தம் தெரிவித்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்கள். மாமா வாசற்படியில் நின்று குழந்தை மாதிரி அழுதார். "உன் மூஞ்சி நல்லாத் தெரியணும்னுதான்டா செஞ்சேன்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைக் குளத்தில் தள்ளியிருப்பேன். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நீங்க பழையபடி தவளைன்னே கூப்பிடுங்க. அதனால எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்ல."

மாமா அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

"பேனரை நனையாம மடிச்சு வைக்கிறேன்டா. அடுத்த வருஷத்துக்கு ஆகும்."

அடுத்த வருஷம் கிடையாது என்று அவரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை.