கை எடுத்தால் கேட்கும் சத்தம்

பேஸ் கிட்டாரை மடியில் வைத்து, ஒயரைச் செருகி, ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்பியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. கம்பிகளின்மேல் கை வைக்கவுமில்லை. கை வைக்காத நேரத்தில் அந்தக் கிட்டார் சும்மா இருக்காது. பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ் ஓடுவதைப்போல அடியில் ஒரு முனகல் இருக்கும். இன்று அது இல்லை. குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

"எப்படி?" என்றான் அண்ணன். பாடும் மைக்குக்கு முன்னால், பரிசைப் பிரிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பவனுடைய முகத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

"என்ன பண்ணினே?"

"நீ முதல்ல வாசிச்சுப் பாரு பாப்பா."

அவளுக்கு நாற்பது தாண்டியாயிற்று. தலையில் முன்பக்கம் நன்றாகவே நரைத்திருந்தது. வீட்டில் கடைசியாகப் பிறந்தவள் என்பதால் அவனுக்கு இன்னும் பாப்பாதான். அவள் பெரிய கம்பியை ஒரு முறை சுண்டினாள். மேஜையிலிருந்து கரண்டிகள் சரிந்து விழுந்ததுபோலக் கணீரென்று கிளம்பிய சத்தம், நின்று, நீண்டு, போகவே மாட்டேன் என்றது. குனிந்து பார்த்தாள். கம்பிகள் நான்கும் புதிது. கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் அருகே, அவற்றுக்கு அடியில் அவள் செருகி வைத்திருந்த ஸ்பாஞ்சுத் துண்டைக் காணோம். நடுவில், அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் இருந்த இடத்தில், அதே அளவில் வேறு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இது டபுள் காயில்," என்றான் அண்ணன். "பாக்க பழசு மாதிரியே இருக்கும். ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு சுருள். ஒண்ணு போடற இரைச்சலை இன்னொண்ணு அடிச்சிடும். ஊசி பிரமாதமா பண்ணிக் கொடுத்திருக்கான்."

ஊசி என்பது இசைக்கருவிகளைப் பழுது பார்ப்பவரின் பட்டப்பெயர். ஒல்லியான மனிதர். இதே தெருவின் கோடியில் கடை.

"யாரைக் கேட்டு?"

"உனக்காகத்தான்..."

"யாரைக் கேட்டுக் கை வச்சே?"

ஸ்டூடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், மும்முரமாகத் தன் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவளுடைய கிட்டார் பழைய பாணியில் செய்தது. ஒரே வரிசையில் நான்கு காந்தங்கள், அவற்றைச் சுற்றி முடியைவிட மெல்லிய கம்பியால் ஒற்றைச் சுருள், அவ்வளவுதான். சுற்றிலும் ஓடுகிற மின்சாரம் எல்லாவற்றையும் அது காது கொடுத்துக் கேட்கும். கம்பியில் கை பட்டால் முனகல் அடங்கும், எடுத்தால் எழும். அதனால் அவள் கையை எடுக்காமல் வாசிக்கப் பழகினாள். சுரத்தை அடித்தவுடன் உள்ளங்கையால் பொத்துவாள். அடுத்த சுரம் வரும்வரை இடதுகை விரல்கள் கம்பிகளின்மேல் சும்மா படுத்திருக்கும். தேய்ந்து வழவழத்த தட்டைக் கம்பியும் ஸ்பாஞ்சும் சேர்ந்து, கனமான மரக்கதவைக் கை முட்டியால் தட்டியதுபோல ஒரு சத்தம் வரும். தட்டலுக்குள்ளே சுருதி இருக்கும். சுருக்கென்று வந்து, வயிறு உப்பி, அடங்கிவிடும். இவள் வாசிப்பில் தனியாக ஏதோ இருக்கிறது என்று கேட்டவர்கள் சொன்னதெல்லாம் இந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டி வந்தது.

அண்ணனுக்குப் பின்னால் நின்று அவனுடைய பாட்டுகளுக்கே இத்தனை காலம் வாசித்துவிட்டு, முதல் முறையாகத் தான் எழுதிய ஒரு பாட்டைக் கொண்டுவந்திருந்தாள். அதைப் பதிவு செய்யத்தான் இன்று வந்திருந்தார்கள். பாட்டு பேஸில் மட்டும் தொடங்கும். கீழ் ஸ்தாயியில் மூன்று சுரங்கள். பிறகு கையை எடுத்துவிடுவாள். முனகல் மெதுவாக எழுந்து அந்த இடைவெளியை நிரப்பும். கை திரும்ப விழுந்து முனகல் அறுபடுகிற கணத்தில் அண்ணனின் குரல் வரவேண்டும். ஒத்திகையில் அது சரியாக விழுந்தபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. இந்தப் பிக்கப்பில் கையை எடுத்தால் அங்கே ஒன்றும் இருக்காது. வெறும் ஓட்டை.

இது அவனுக்கும் தெரியும். போன வாரம் இதே அறையில் தகராறே நடந்திருக்கிறது. வீடியோ எடுக்கவேண்டும் என்று தன்னைச் சுற்றி அரைவட்டமாக அலங்கார விளக்குகள் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானையும் மாட்டியிருந்தான். அதைப் பாதியில் வைத்ததும் பேஸிலிருந்து கொசுப்படை கிளம்பியதுபோல ஓர் இரைச்சல். "முனகல் என்னோடது, இந்தக் கொசு உன் லைட்டோடது, அதை அணை," என்று அப்போதே சொன்னாள். "அணைச்சா என் மூஞ்சி எப்படித் தெரியும்?" என்றான். அப்புறம், "சரி பாப்பா, நான் பாத்துக்கறேன்," என்று கிட்டார் பெட்டியை எப்போதும்போல அவனே தூக்கிக் காரில் வைத்துக்கொண்டான்.

பார்த்துக்கொண்ட லட்சணம் மடியில் கிடந்தது.

"லைட்டை அணைக்க மனசு வரலை. என் கிட்டாரை அறுக்க மட்டும் மனசு வந்துதா?"

"அறுக்கறேன் அது இதுன்னு பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு? நாலு ஸ்க்ரூ. மாஸ்டரே சொன்னாரு, இப்ப யாரும் சிங்கிள் காயில் வச்சு ரெக்கார்ட் பண்றதில்லைன்னு."

ஒலிப்பதிவாளர் துடைப்பதை நிறுத்தினார். "நான் பொதுவாச் சொன்னேங்க," என்று ஸ்பீக்கர் வழியாக அவர் குரல் வந்தது.

அவள் ஒயரைப் பிடுங்கினாள். கிட்டாரைப் பெட்டியில் கூட வைக்காமல் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். அண்ணன் பின்னாலேயே, "பாப்பா, எல்லாரும் பாக்கறாங்க," என்றபடி வந்தான். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

ஊசி தம் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"பழைய பிக்கப் எங்க?"

"உள்ள டப்பாவில பத்திரமா இருக்குக்கா. நீங்கதான் மாத்தச் சொன்னீங்கன்னு அண்ணன் சொன்னாரே?"

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் எதிர்க் கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பவன்போல் நின்றான்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்றான்.

"என் வாயால நான் சொல்லாததை நீ எப்படிச் சொல்லுவே?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனை ஓரடி பின்வாங்க வைத்தது. "கம்பிங்க எங்க?"

ஊசி மேஜைக்கு அடியிலிருந்த குப்பைக் கூடையைப் பார்த்தார். அவள் குனிந்து எடுத்தாள். நான்கும் நடுவில் வெட்டப்பட்டுச் சுருண்டு கிடந்தன. அவள் விரல் நடமாடிய இடம் மட்டும் கறுத்து மின்னியது.

"கழட்டி வச்சிருக்கக் கூடாதா?"

"பழசு எதுக்குன்னு அண்ணன்தான்..." ஊசி பாதியில் விழுங்கினார். "தட்டைக் கம்பியே இருக்குக்கா. ஆனா புதுசு. பழகி மழுங்கறதுக்கு நாள் ஆகும்."

"போடுங்க. பழைய காயிலையும் போடுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

"சாப்பிட்டுட்டு..."

"அப்புறம் சாப்பிடுங்க."

அவர் கைகழுவிக்கொண்டு உட்கார்ந்தார். பற்றவைத்த ஈயத்தின் புகை எழுந்தது. அண்ணன், "நல்லது பண்ணப் போனா திருடன் மாதிரி நிக்க வேண்டியிருக்கு," என்று காற்றிடம் சொன்னான்.

"திருடன் பொருளை எடுத்துட்டுப் போவான். அவ்வளவுதான். நீதான் கேட்டேன்னு ஊர்ல சொல்லிட்டுத் திரிய மாட்டான்."

ஊசி தலையை நிமிர்த்தாமல் வேலையைத் தொடர்ந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் அவள் முதலில் போனது டீ போடும் மூலைக்கு. பாத்திரம் கழுவ வாங்கி வைத்திருந்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டிக் கம்பிகளுக்கு அடியில் திணித்தாள். பிறகு சுவருக்குப் போய் அலங்கார விளக்குகளின் பிளக்கைப் பிடுங்கினாள். நாற்காலியை இப்படியும் அப்படியும் திருப்பி, முனகல் தனக்கு வேண்டிய அளவுக்கு இறங்குகிற திசையைக் கண்டுபிடித்து, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"கேமராவுக்கு உன் முதுகுதான் தெரியும்," என்றான் அண்ணன்.

"தெரியட்டும்."

"என் மூஞ்சியும் இருட்டாத்தான் விழும்."

"குரலுக்கு வெளிச்சம் எதுக்கு? பாட்டு என்னோடது. பாடறதுன்னா பாடு. இல்லைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

இதை இதற்குமுன் யாரும் அவனிடம் சொன்னதில்லை. அவன் ஒலிப்பதிவாளரைப் பார்த்தான். அவர் இந்த முறை பொதுவாகக்கூட எதுவும் சொல்லவில்லை. "டியூப்லைட்டையும் அணைச்சிடவாங்க?" என்று அவளைக் கேட்டார்.

வாசித்தாள். புதுக் கம்பி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஓரம் வழுக்கியது, அடி விழுந்த இடத்தில் மினுக்கியது. பழைய கம்பியில் தடவினால் போதும். இதில் விரலை உள்ளே அழுத்தி, தோலால் அந்த மினுக்கத்தை நசுக்கவேண்டியிருந்தது. காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் வலது கைக்கு இறங்கியது. மூன்று சுரங்கள். கையை எடுத்தாள். முனகல் எழுந்து அறையின் மூலைமுடுக்கெல்லாம் ஏறியது. வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அதை அப்படியே விட்டாள். பின்னால் அண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்துக் காத்திருப்பது கேட்டது. அவன் இத்தனை காலத்தில் அவளுக்காகக் காத்திருந்ததில்லை. கை விழுந்தது. அவன் குரல் லேசாக நடுங்கியபடி வந்து சேர்ந்தது.

முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் திரும்ப ஓடவிட்டார். மூவரும் நின்று கேட்டார்கள்.

"பாத்தியா," என்றான் அண்ணன். நிம்மதியில் அவன் முகம் மலர்ந்திருந்தது. "பழைய சத்தம் அப்படியே வந்துடுச்சு. இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டம்."

"வரலை."

"மாஸ்டர், நீங்க சொல்லுங்க."

"எனக்கு வித்தியாசம் தெரியலைங்க," என்றார் அவர் தயக்கத்தோடு.

"எனக்குத் தெரியுது," என்றாள் அவள். மூன்றாவது சுரத்தின் முடிவில், மரம் மட்டும் கேட்கவேண்டிய இடத்தில், மெல்லிய உலோக வால் ஒன்று இருந்தது. இனி அந்தப் பாட்டு ஒலிக்கிற இடத்திலெல்லாம் அது இருக்கும். கேட்பவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும், ஒவ்வொரு முறையும், குப்பைக் கூடை கேட்கும்.

கிட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள். வெட்டுப்பட்ட கம்பிகளைச் சுருட்டிப் பெட்டியின் பக்கப் பையில் போட்டாள். ஊசி கழற்றிக் கொடுத்திருந்த புதிய பிக்கப்பை அண்ணனின் மைக்குக்கு அடியில், அவன் கண்ணில் படும்படி வைத்தாள்.

"சரி, கிளம்பலாம்," என்று அண்ணன் வழக்கம்போலப் பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

"கையை எடு."

"என் கார்லதானே போகணும் பாப்பா?"

"உன் கார்ல நீ போ."

பெட்டி கனமானது. படியில் இறங்கும்போது முழங்காலில் இடித்தது. ஒரு படிக்கு ஒரு முறை கீழே வைத்து, மறு கைக்கு மாற்றி, பஸ் நிறுத்தம்வரை அவளே தூக்கிக்கொண்டு போனாள்.