பாகத்துக்கு வந்த கல்

பிழைதிருத்துநருக்கு இருந்தது ஒரே ஒரு கிறுக்கு, பழங்காலக் கனிமக் கற்கள். அதிலும் கண்ட கல்லெல்லாம் ஆகாது. ஒரு கனிமம் இன்னொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிட்டு, தின்றதன் உருவத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கூடவே மங்கிய மையில் எழுதிய பழைய சீட்டு இருந்தால்தான் ஐயா கையால் தொடுவார். அச்சகத்தில் ஊரார் பிழையையெல்லாம் திருத்திச் சம்பாதித்ததை இதில்தான் கொட்டினார்.

கிறுக்கு அப்பா வழியில் வந்தது. அப்பா போனபின் அண்ணனும் தம்பியான இவரும் பிரித்துக்கொள்ள இருந்தவை இரண்டே: ஒரு வீடு, ஒரு கல். கோரைப்பல் மாதிரி கூர்கூராக நிற்கும், கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் படிகங்கள். ஆனால் கால்சைட் அத்தனையும் கரைந்து, அந்த இடத்தில் குவார்ட்ஸ் நிரம்பிவிட்டது என்று நூற்றைம்பது வருஷத்துச் சீட்டு சொன்னது. "இதோட அருமை உனக்குத்தாண்டா தெரியும்," என்றார் அண்ணன். தம்பிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, கல்லைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வீட்டைக் குடுத்துட்டுக் கல்லைக் கட்டிட்டு வந்த மகராசன்!" என்று அன்றைக்கு ஆரம்பித்த மனைவி இருபத்தாறு வருஷமாக நிறுத்தவில்லை. ஏழு வாடகை வீடு மாறியாயிற்று. ஒவ்வொரு தடவையும் கல் மட்டும் அவள் மடியில்தான் வரும். திட்டிக்கொண்டே பத்திரமாகப் பிடித்துக்கொள்வாள். அவருக்கு இந்த ஜென்மத்தில் வேண்டியது ஒன்றுதான்: "நீங்க செஞ்சது சரிதாங்க" என்று அவள் வாயால் ஒருதரம் கேட்க வேண்டும்.

அதற்கும் நாள் வந்தது. அவர் பெயர் போட்ட கண்ணாடிப் பெட்டியில் கல்லை வைக்கப்போவதாகச் சொல்லி, மியூசியத்துக் காப்பாளர் அம்மா வீட்டுக்கே வந்தார். மனைவி நல்ல கோப்பைகளைத் தேடி எடுத்து டீ போட்டாள்.

"ஒரே ஒரு சொட்டு ஆசிட் வச்சுப் பாத்துக்கறேன் சார். கால்சைட்னா பொங்கும், குவார்ட்ஸ்னா சும்மா கிடக்கும்."

"பெத்த அப்பனை யாராவது கிள்ளிப் பாப்பாங்களா? நான் பாத்ததே இல்லை. நீங்க தாராளமா பாருங்க."

கூர்முனையில் வைத்த சொட்டு சும்மாதான் கிடந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவளும் சிரிக்கத்தான் போனாள், பாவம்.

"அடியில ஒண்ணு வச்சுக்கலாமா?"

அடியில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது. "மேஜை கீறக்கூடாதுன்னு எங்க அண்ணன் ஒட்டிக் குடுத்தாரு," என்று பெருமையாகச் சொல்லி, பிளேடால் அவரே பிரித்தார். சொட்டு விழுந்ததுதான் தாமதம், புஸ்ஸென்று நுரைத்தது.

காப்பாளர் அம்மாவுக்கு முகம் வாடிப்போனது. "மேல மெல்லிசா குவார்ட்ஸ் படிஞ்சிருக்கு சார், அவ்வளவுதான். உள்ள கால்சைட் அப்படியே இருக்கு. மாறவே இல்லை." கல்லை வெளிச்சத்தில் சாய்த்தார். "இங்க ஏற்கெனவே யாரோ சொட்டு விட்டுப் பாத்திருக்காங்களே."

நுரைக்குப் பக்கத்தில் பயறளவு ஒரு பழைய குழி. துணி ஒட்டிய பசை அதற்குள் இறங்கி இறுகியிருந்தது. குழியைப் பார்க்காமல் துணியை ஒட்டியிருக்கவே முடியாது.

அந்த அம்மா போனதும் அண்ணனுக்குப் போன் போட்டார். போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினார்.

"அண்ணே, கல்லு பொய்யின்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

அந்தப் பக்கம் கிழவர் இருமினார். "ஆசிட் விட்டுப் பாத்ததே நான்தாண்டா. இப்ப அதைக் கிளறி என்ன ஆகப்போகுது? இத்தனை வருஷம் அதை வச்சுக்கிட்டு நீ சந்தோஷமாத்தானே இருந்தே?"

அடப்பாவி! கூடப் பிறந்தவனா இவன்? திட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தார், அதுதான் கொடுமை.

மனைவி போனைக் கையில் எடுத்தாள்.

"அவரு சந்தோஷமாத்தான் இருந்தாரு அத்தான்," என்றாள். "வீடா கல்லான்னு என்னைத்தான் அன்னிக்கு ரெண்டு பேருமே கேக்கல."