எல்லாருக்கும் ஒரே கோட்டு

எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் ஒரு வாரமாகச் சிவப்பு காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இடம் இல்லையாம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஃப்ளெக்ஸ் அடிக்கவும் ஆள் வராது. இப்போதாவது எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவைப்போம் என்று காலையில் உட்கார்ந்தேன். எந்த நேரத்தில் உட்கார்ந்தேனோ!

கடையில் டிசைன் போடுகிறவர் என் வீட்டுக்காரர் தமிழரசன். அரியலூர் முழுக்கக் கேட்டுப் பாருங்கள், வேலையில் குறை சொல்ல மாட்டார்கள். ஃபைலுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் மட்டும் மனுஷனுக்குப் புத்தி மழுங்கிவிடும். ஒரு ஃபோல்டரின் பெயர் ‘புதுசு’. அதற்குள் ‘ரொம்பப் புதுசு’. அதற்குள் ‘லாஸ்ட்’. அதற்குள் ‘உண்மையான லாஸ்ட்’. இன்னொன்று ‘திருமானூர் அண்ணன்’. திருமானூரில் ஒரே ஓர் அண்ணன்தானா இருக்கிறார்? திறந்தால் பாதி பிறந்தநாள் வாழ்த்து, பாதி கண்ணீர் அஞ்சலி. இருக்கிறவர் யார், போய்ச் சேர்ந்தவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. எல்லாரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள்.

முதலில் ஊர்வாரியாகப் பிரித்தேன். அது சரிவராமல் வருஷவாரியாக மாற்றினேன். ‘ஸ்கேன்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதில் பாதி திறக்கவே இல்லை. வெறுத்துப்போய் மொத்தமாக அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். மத்தியானம் ஆனபோது அவர் போட்ட குழப்பத்தோடு என் குழப்பமும் சேர்ந்துகொண்டது. சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அப்போதுதான் வளர்மதி வந்தாள். எங்களுக்குத் தெரிந்த திருமானூர்ப் பக்கத்துப் பெண். பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தை பிறந்தால் கல்யாணம். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அவளுடைய அப்பா. நீலக் கோட்டு, சிவப்பு டை, பின்னால் மேகம். எங்கள் கடையில் செய்துகொடுத்ததுதான்.

“இதுக்கு எங்கம்மா ஒரு பழைய போட்டோ குடுத்துச்சுங்க்கா. அப்பா என்னய மடியில வச்சிருக்குற மாதிரி. எனக்கு நெனவு தெரியுறதுக்கு முன்னாடியே அவரு போயிட்டாரு. அந்த போட்டோவும் வூடு ஒழுகி வெள்ளையாப் போச்சு. மண்டபத்து வாசல்ல அதத்தான் வைக்கணும்னு ஆசையா இருக்கு. இங்க இருக்கும்ல?”

“வேற போட்டோ எதுவும் இல்லியாம்மா?”

“நானும் அப்பாவும் சேந்து எடுத்தது அது ஒண்ணுதாங்க்கா.”

ஸ்கேன் செய்த படம் ‘ஸ்கேன்’ ஃபோல்டரில்தானே இருந்திருக்கும்? அதைத்தானே காலையில் அழித்துத் தொலைத்தேன்? “உக்காரும்மா, பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு அவருக்குப் போன் போட்டேன். லப்பைக்குடிக்காட்டில் ஒரு கடைத் திறப்புக்குப் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, வளர்மதியோட அப்பா படத்த எந்தப் பேருல வச்சிருக்கீங்க?”

“அதுவா? கோட்டுன்னு இருக்கும் பாரு.”

“கோட்டுன்னு ஊருப்பட்டது கெடக்குதுங்க!”

“எல்லாருக்கும் கோட்டுதான போடுறோம்? நான் ஏணில நிக்கிறேன் செல்வி, வந்து சொல்றேன் வையி.”

வைத்துவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அஞ்சலிக்குப் படம் கொண்டுவருகிறவர்கள் வெற்று உடம்போடு நிற்கிற படத்தைத் தருவார்கள், இல்லையென்றால் யார் வீட்டுக் கல்யாண போட்டோவிலோ பத்துப் பேருக்கு நடுவில் நிற்கிற படத்தைத் தருவார்கள். கொஞ்சம் கௌரவமாப் போட்டுக் குடுங்க என்பார்கள். இவர் தலையை மட்டும் வெட்டிக் கோட்டின்மேல் வைப்பார். வீட்டில் எல்லோருக்கும் பரம திருப்தி.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். கோட்டு. கோட்டு. கோட்டு. விவசாயி, கொத்தனார், வாத்தியார், எல்லாருக்கும் அதே நீலக் கோட்டு, அதே சிவப்பு டை. வளர்மதியின் அப்பாவை மட்டும் காணோம். போன வருஷம் தவறிப்போன காசிநாதன் வாத்தியாரின் படம் திறக்கவே அத்தனை நேரம் எடுத்தது. ஒரே ஒரு முகம், அதற்கு இவ்வளவு கனமா? இடத்தை எல்லாம் விழுங்கியது இதுதானா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இந்த டிசைன் ஃபைலெல்லாம் கண்ணாடித்தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற மாதிரி. ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கும். கண்ணை அமுக்கினால் அந்தத் தாள் மறையும், மறுபடி அமுக்கினால் தெரியும். கோபத்தில் வாத்தியாரின் கண்ணை அமுக்கினேன். அவர் தலை போனது. கீழே மூடிக்கிடந்த கண்ணைத் திறந்தேன். வேறொரு தலை வந்தது. அதற்கும் கீழே இன்னொன்று. இந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் போன தடவை செய்த ஃபைலையே திறந்து, பழைய தலையை எடுக்காமல் மறைத்துவிட்டு, புதுத் தலையை வைத்து வேறு பெயரில் சேமித்திருக்கிறார்! திட்ட வாயெடுத்தேன். அதற்குள் கை தானாகத் தலை, கோட்டு, மேகம் இவற்றின் கண்களையும் அமுக்கி, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கண்ணைத் திறந்துவிட்டது.

சுண்ணாம்புக்கல் லாரியின் படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டையில்லை. தோளில் துண்டு, முழங்கால்வரை வெள்ளைப் புழுதி. மடியில் ஒரு பெண்குழந்தை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு.

வாத்தியாரின் படத்துக்கு அடியில் இவர் எப்படி வந்தார் என்று புரியவில்லை. அடுத்த ஃபைலைத் திறந்து அடிவரை போனேன். அதிலும் அவரே. அதற்கடுத்ததிலும் அவரே. வளர்மதியின் போனை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே முகம், அதே சாய்வு. கோட்டை முதல்முதலில் போட்டது இவருக்குத்தான். அப்போதிருந்து ஊரில் யார் செத்தாலும், அவர்களின் படத்துக்கு அடியில் இந்த அப்பனும் மகளும் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். எனக்குப் போன உயிர் வந்தது.

“வளர்மதி, இங்க வா!”

வந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் குழம்பிப்போயிற்று. போனைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“இவராக்கா?”

“இவருதாம்மா. மடியில நீதான், பாரு.”

மடியில் இருந்த குழந்தையை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. “சின்னப் பையனா இருக்காரேக்கா. எனக்குப் பாத்திருக்குற மாப்பிள்ளையே இவரவிடப் பெரியவரு” என்றாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். “சொவத்துல இருக்குற அப்பாவுக்கு நான் எவ்ளோ பயந்துருக்கேன் தெரியுமா? பெரிய ஆபீசர் மாதிரி இருப்பாரு. மார்க்கு கொறஞ்சா அந்தப் பக்கமே போவ மாட்டேன். வேலைல சேந்த அன்னிக்குக்கூட எட்டி நின்னுதான் கும்புட்டேன்.”

அவள் விரலை நீட்டித் திரையில் அந்த ஒடிசலான தோளைத் தடவினாள்.

“இவருக்குப் போயி யாராச்சும் பயப்படுவாங்களாக்கா?”