பேட்டரிப் பெட்டிக் கீரை

2008 ஆகஸ்ட் மாதம். தாடிக்கொம்பு போகும் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம், அதில் சுற்றுச்சூழல் மன்றத்துக்காகப் பட்டிமன்றம். தலைப்பு, 'பேட்டரி கார் வரமா, வம்பா?' திண்டுக்கல்லில் பேட்டரி காரைக் கண்ணால் பார்த்தவர்கள் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் அதைப் பற்றிப் பேச மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை.

வரம் என்று பேச அறிவியல் டீச்சர் நர்கீஸ் எழுந்தாள். புகையில்லை, சத்தமில்லை என்றாள். அரசாங்கம் வரியைக் குறைத்தால் சாதாரணக் குடும்பமும் வாங்கும் என்றாள். பெட்ரோலும் கரண்டும் கலந்து ஓடும் ஹைபிரிட் காரையும் விட்டுவைக்கவில்லை. பழைய பேட்டரியை என்ன செய்வது என்று எதிரணி மடக்குமே, அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு கொல்லையில பழைய பேட்டரிய ஒடைச்சு ஈயத்த உருக்கி விக்கிறாரு. காலிப் பெட்டியில மண்ணப் போட்டு நான் கீரை வளக்குறேன். எம்மக ரத்தமில்லாம வெளுத்துக் கெடக்கான்னு தெனம் அந்தக் கீரையத்தான் கடைஞ்சு ஊட்டுறேன். எதுவுமே வீணாப் போகல!"

கைதட்டல் அடங்கச் செத்த நேரம் பிடித்தது. முன்வரிசையில் அவள் கணவன் கிதர் முகம்மது கூச்சத்தோடு சிரித்தான். அவன் மடியில் நாலு வயது ஃபர்ஹீன் உட்கார்ந்திருந்தாள்.

எதிரணிக்கு வேதியியல் வாத்தியார் ஸ்டீபன்ராஜ். மைக் கிடைத்தால் விடாத மனிதர். அன்றைக்கு எழுதி வந்த தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"காருல வராத புகை, கரண்ட் தயாரிக்கிற எடத்துல வருது. அத விடுங்க. பழைய பேட்டரிய எங்க ஒடைக்கணும், எப்படி ஒடைக்கணும்னு சட்டம் இருக்கு. காயிதத்துல இருக்கு. அந்த ஈயம் மண்ணுல எறங்குச்சுன்னா லேசுல போகாது, செடியில ஏறும். புள்ளைக ஒடம்புல ஏறுச்சுன்னா..." நர்கீஸ் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "வயித்து வலி வரும் டீச்சர். மொகம் வெளுக்கும். சில பேருக்கு ஈறோரத்துல நீலமாக் கோடு விழும்."

நர்கீஸ் முன்வரிசையில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். ஆறு மாதமாக ஃபர்ஹீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்கிறாள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. பள்ளிவாசல் வாசலில் நின்று, தொழுதுவிட்டு வருகிறவர்களிடம் ஓதி ஊதச் சொல்லியாயிற்று. பிள்ளை வெளுக்க வெளுக்கக் கீரையை இரண்டு கரண்டி கூட்டினாள். வேண்டாமென்று அழுதபோது அதட்டி ஊட்டினாள். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவளுக்குத் தன் கொல்லையில் அந்தப் படிப்பு எங்கே போய்த் தொலைந்தது?

மேடையிலிருந்து இறங்கினாள்.

"என்ன நர்கீசு, பாதியில எறங்கிட்ட?" என்றான் கிதர்.

அவள் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறோரம், பல்லை ஒட்டி, கருநீலமாக மெல்லிய கோடு ஓடியது.

"நாவப்பழம் தின்னுருப்பா. கறையா இருக்கும்."

"எப்பத் தின்னா?"

"போன வாரம் வாங்கியாந்தேன்ல."

முந்தானை நுனியை நனைத்துத் துடைத்தாள். போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தாள். அப்படியே இருந்தது.

"இங்க காட்டு" என்று கிதர் விரலை நீட்டினான்.

"தொடாதீங்க!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்குள்கூட அவனிடம் அவள் குரல் உயர்த்தியதில்லை.

"ஒங்க கையிலயும் அந்த ஈயம் இருக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே போவணும்."

கிதர் தன் விரல்களைப் பார்த்தான். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கிற சாம்பல் நிறம். எழுந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

மடியிலிருந்து இறங்கிய ஃபர்ஹீன், ஒன்றும் விளங்காமல், அழுகிற முகத்தோடு அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தா, தூக்கு."

அவன் தூக்கவில்லை.