பாலம் தாண்டித்தான் சாப்பாடு

சிவப்புப் பையில் என்ன இருக்கிறதென்று அந்த வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. குளுக்கோஸ் பொடி இரண்டு டப்பா, சர்க்கரை பார்க்கும் கருவி, பஞ்சு, கட்டுத்துணி, காய்ச்சல் மாத்திரை, டார்ச், நாலு பொட்டலம் பிஸ்கட், ஒரு பாட்டில் தண்ணீர். மூன்று வருடமாகக் கோடைப் பயணத்துக்கு முந்தின நாள் அவள்தான் இதைக் கட்டுகிறாள். மூன்று வருடமாக அண்ணன் அதைப் பார்த்து ஒரே நகைச்சுவையைத்தான் சொல்கிறான்.

"என்ன டிகிரி, ஆஸ்பத்திரியையே மூட்டை கட்டிட்டியா?"

டிகிரி என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரார் விரலையெல்லாம் குத்திச் சர்க்கரை அளவு சொல்கிறவள். வரிசையில் நிற்கிறவர்கள் அவள் சொல்வதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு போவார்கள். வீட்டில் மட்டும் அவள் சொல் அம்பலம் ஏறாது.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மூன்று வருடமாகக் காலையில் ஊசி. ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆளே விழுந்துவிடலாம். இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு வரியை வீட்டில் நாலு பேர் மண்டையில் ஏற்றுவதற்குள் அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. ஏனென்றால் அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு: எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். அப்பாவுக்கும் ஒரு சட்டம் உண்டு: பயணம் என்றால் பெரிய பாலம் தாண்டித்தான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். பாலத்துக்கு அப்பால் நிழல் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு. அங்கே நிறுத்திப் பழகிவிட்டார். பழக்கம் எப்போது சட்டமானது என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கு வாய் இருந்தது?

அன்று அம்மா மூன்றரை மணிக்கே எழுந்தாள். முப்பது ரொட்டி, ஒரு குண்டான் உருளைக்கிழங்கு, இருபது அவித்த முட்டை. இத்தனைக்கும் நடுவில் ஒரு வாய் வெந்நீர்கூடக் குடிக்கவில்லை.

"அம்மா, ஊசியை இப்போ போட்டுடாத. சாப்பிடப்போற நேரத்துல வண்டியிலேயே நான் போட்டுவிடுறேன்."

"சரி சரி, தெரியும்டி. நீ போய்த் தலையை வாரு."

அண்ணன் வாங்கியது புது வேன். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. வாசலில் நின்று உத்தரவு போட்டான்.

"வண்டிக்குள்ள யாரும் எதையும் தின்னக் கூடாது. ஒரு துணுக்கு விழுந்தாலும் எறும்பு குடும்பத்தோட குடிவந்துடும். எல்லாம் மேலே."

எல்லாம் என்றால் சாப்பாடு, துணிமணி, அண்ணன் பையனின் காற்றடைத்த நீச்சல் வளையம். வேனின் கூரையில் ஏற்றி, தார்ப்பாய் மூடி, கயிறு இழுத்துக் கட்டியானது. சிவப்புப் பையை மட்டும் அவள் அம்மாவின் இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக் கதவைப் பூட்டப் போனாள். திரும்பி வந்து ஏறிய அவசரத்தில் குனிந்து பார்க்கவில்லை. ஆறே முக்காலுக்கு வண்டி கிளம்பியது.

பாலத்துக்கு ஒரு மணி நேரம். அது மற்ற நாளில். அன்று சாலையைப் பாதி தோண்டிப் போட்டிருந்தார்கள். எட்டு மணிக்கு நத்தை வேகம், எட்டரைக்கு அதுவும் இல்லை. பையன் பசிக்கிறதென்று சிணுங்கினான். அம்மா கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, அண்ணனுக்குத் தெரியாமல் பேரன் மடியில் போட்டாள். அது மகள் அவளுக்கென்று வைத்தது.

"அது உனக்குன்னு வெச்சதும்மா!"

"குழந்தை பசிக்குதுங்குது. நான் என்ன குழந்தையா?"

அண்ணி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க பொண்ணு உங்களுக்கே மாமியாராயிட்டா அத்தை."

ஒன்பது மணிக்கு அம்மா பேச்சை நிறுத்தினாள். அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அவள் பேசினாலும் யார் கேட்கப்போகிறார்கள்? மகள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. கை விரல்கள் மடியில் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"அம்மா, ஊசி போட்டுக்கிட்டியா?"

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அம்மா! போட்டியா இல்லையா?"

"கிளம்பும்போதே… வழியில எல்லார் முன்னாடியும் எப்படிடி… ஒரு மணி நேரந்தானேன்னு…" நாக்கு குழறியது.

அவள் குனிந்து இருக்கைக்கு அடியில் கையை விட்டாள். வெறும் தரை.

"பை எங்க? சிவப்புப் பை எங்க?"

"அதுவா? கால்ல இடிச்சுது. மேலே ஏத்திட்டேன்," என்றான் அண்ணன், ஏதோ உபகாரம் செய்தவன் மாதிரி.

"வண்டியை நிறுத்து!"

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஓரங்கட்டு. அம்மாவுக்குச் சர்க்கரை இறங்குது."

முன் இருக்கையிலிருந்து அப்பா தலையை மட்டும் திருப்பினார். "பாலம் இதோ நாலு கிலோமீட்டர். ஓரங்கட்டினா மறுபடி வரிசையில நுழைய முடியாது. முப்பத்திரண்டு வருஷம் ரோட்டுல இருந்தவன் சொல்றேன். கொஞ்சம் கண்ணை மூடிப் படுத்துக்கச் சொல்லு."

கண்ணை மூடிப் படுத்துக்கச் சொல்வதாம். அவளுக்கு உச்சந்தலை வரை தீப்பிடித்தது. நின்ற வண்டியின் கதவைத் திறந்து குதித்தாள். பின்னால் ஏணி. ஏறினாள். அண்ணன் கட்டிய முடிச்சுகளை அவிழ்க்க அண்ணனே திரும்பப் பிறந்து வர வேண்டும். பல்லால் கடித்துப் பார்த்தாள். கீழே பக்கத்து லாரியில் ஒரு ஓட்டுநர் பழம் நறுக்கித் தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, அந்தக் கத்தியைக் குடுங்க!"

அவன் மறுபேச்சில்லாமல் கைப்பிடிப் பக்கமாக நீட்டினான். கயிறு அறுந்தது. தார்ப்பாய் காற்றில் எழும்பியது. நீச்சல் வளையம் உருண்டு போய் நடுச்சாலையில் விழுந்தது.

"ஏய்! புதுக் கயிறுடி!" அண்ணன் கத்தினான்.

"உன் கயிறுல தீயை வை!" சிவப்புப் பையை உருவிக்கொண்டு அவள் இறங்கினாள்.

அம்மாவால் இன்னும் விழுங்க முடிந்தது. அது ஒன்றுதான் நல்ல செய்தி. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, தாடையைத் தாங்கிப் பிடித்து, வாய் வாயாகக் கொடுத்தாள். வழிந்தது பிளாஸ்டிக் உறையில் பிசுபிசுத்தது. யாரும் எறும்பைப் பற்றிப் பேசவில்லை. விரலில் குத்திப் பார்த்தாள். நாற்பத்தாறு. எழுபதுக்குக் கீழே என்றால் ஆபத்து. நாற்பத்தாறு என்றால், பரிசோதனைக் கூடத்தில் அவள் எழுந்து ஓடுவாள்.

"நாற்பத்தாறுன்னா என்ன?" என்று அண்ணி கேட்டாள். சிரிப்பு போயிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் பாலம் பாலம்னு உட்கார்ந்திருந்தா நமக்கு மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லைன்னு அர்த்தம்."

கால் மணி நேரம் கழித்து அறுபத்தெட்டு. மறுபடி கரைத்துக் கொடுத்தாள். இன்னொரு கால் மணி நேரம். தொண்ணூற்றொன்று. அம்மா கண்ணைச் சிமிட்டிச் சுற்றிலும் பார்த்தாள். அண்ணன் வண்டியை எப்போதோ ஓரங்கட்டியிருந்தான். சாலை ஓரம், புழுதி, கொதிக்கும் வெயில்.

"சரியாப் போச்சுல்ல?" அப்பா கைக்கடிகாரத்தைத் தட்டினார். "ஏறுங்க. பாலத்துல போய் நிம்மதியா உட்கார்ந்து சாப்பிடலாம்."

அவள் மறுபடி ஏணியைப் பிடித்தாள். கூரையேறிச் சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். தார்ப்பாயைப் புழுதியில் விரித்தாள். அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி, வேனின் நிழலில் உட்கார வைத்தாள். தட்டில் இரண்டு ரொட்டி, கிழங்கு, ஒரு முட்டை.

"சாப்பிடு."

அம்மா தட்டைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "அவர் இன்னும்… குழந்தைக்கு முதல்ல…"

"குழந்தை உன் பிஸ்கட்டைத் தின்னாச்சு. அவருக்குப் பசிச்சா பாலம் வரைக்கும் நடந்து போகட்டும். குளுக்கோஸ் ரொம்ப நேரம் நிக்காதும்மா. நீ சாப்பிடலைன்னா மறுபடி இறங்கும். நீ சாப்பிட்டு முடிக்காம இங்க ஒருத்தர் வாயிலயும் ஒரு பருக்கை போகாது."

"அப்பாகிட்டப் பேசற பேச்சா இது?" என்றான் அண்ணன்.

"வேற எப்படிப் பேசணும்? சொல்லிக்குடு. நல்ல வார்த்தையில மூணு வருஷம் சொன்னேன். உங்க காதுல என்ன ஊத்தி வெச்சிருந்தீங்க?"

லாரி ஓட்டுநர் வண்டியை நகர்த்தாமல் வேடிக்கை பார்த்தான். பின்னால் நாலைந்து பேர் ஹாரன் அடித்தார்கள். அப்பா வாயைத் திறந்தார். மகள் நிமிர்ந்து பார்த்ததும் மூடிக்கொண்டார். முப்பத்திரண்டு வருடத்தில் பயணி ஒருத்தி அவரை வழியில் நிறுத்தி வைத்தது அதுதான் முதல் தடவை.

அம்மா குனிந்து ரொட்டியைப் பிய்த்தாள். கண்ணில் நீர். நன்றியால் அல்ல, கோபத்தால். "மானத்தை வாங்கிட்டடி. ஊசி போடறது இப்போ ரோட்டுல போறவனுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு."

"தெரியட்டும். மென்னு முழுங்கு."

ஐந்து பேர் வெயிலில் நிற்க, அம்மா ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட்டாள். முதல் ரொட்டியைக் கடனே என்று தின்றாள். இரண்டாவது ரொட்டிக்குப் பசி வந்துவிட்டது. மூன்றரை மணியிலிருந்து அடுப்பில் நின்ற பசி. கிழங்கைப் பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டவள், மெல்லுவதை நிறுத்தி முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே இல்லையே," என்றாள் உரக்க, யாரையும் பார்க்காமல். "உப்பு டப்பா மேலே நீல மூட்டையில இருக்கு. நிக்கறவங்க யாராவது எடுத்துத் தர்றது."

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். மகள் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பின்பு அப்பாதான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் காலை வைத்தார்.