ராமரின் அடுப்பு

வண்டி காவிரிப் பாலத்தில் ஏறிய குலுக்கலில் ராமரின் தலை மடியிலிருந்து நழுவியது. வள்ளிக்கண்ணு இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடித்தாள். தலையைச் சுற்றிக் கட்டிய துண்டு முழுக்க ஊறி, அவள் விரலிடுக்கில் ரத்தம் வெதுவெதுப்பாக இறங்கியது.

"விரட்டி ஓட்டு அழகிரி!"

"இதுக்கு மேல மாடு ஓடாதுக்கா," என்றான் வண்டியில் முன்னால் இருந்த சித்தப்பா மகன்.

ராமர் ஒரு கண்ணைத் திறந்தான். "இருளாயி எங்கக்கா?"

"மயக்கம் தெளிஞ்சதும் பஸ்ல வருவா. நீ பேசாத தம்பி."

மண்வெட்டியால் அவனை அடித்தவன் வேறு யாருமில்லை. இருவருக்கும் மூத்தவன், மருதை.

மேலூரில் அவர்களுக்கு ஒரு வீடு, கொள்ளிடக்கரையில் கொஞ்சம் வாழைத்தோட்டம். அப்பா போன பிறகு எல்லாம் மருதையின் சொல்படிதான். புருஷன் எங்கே போனான் என்றே தெரியாமல் திரும்பி வந்த வள்ளிக்கண்ணுவுக்கும் அங்கேதான் சோறு. போன வருஷம் ராமருக்குக் கல்யாணமாகி இருளாயி வந்தாள். வந்த நாளிலிருந்து மருதையின் பெண்டாட்டி பவுனம்மாள் அவள் தட்டிலேயே கண்ணாக இருந்தாள். ஒருநாள் இருளாயி இரண்டாவது கரண்டி குழம்பு எடுத்தபோது அந்தக் கரண்டியைப் பிடுங்கி மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள். ராமர் கொள்ளிடத்துக்குப் போய் மண் சுமந்து வந்து மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் ஓர் அடுப்பு போட்டான். மருதை அதைப் பார்த்தும் பார்க்காதவனைப் போலத் திரிந்தான். தம்பியோடு பேச்சை மட்டும் நிறுத்திவிட்டான்.

அப்படியே இருந்திருந்தால் நாளடைவில் ஆறிப்போயிருக்கும். ஆனால் அது அறுபத்தொன்றாம் வருஷத்துப் பிப்ரவரி. ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த சவரிராயன் வாத்தியார் இந்தத் தெருவைக் கடைசி நாளான இருபத்தெட்டாம் தேதிக்கு வைத்திருந்தார். ஒரே அடுப்பில் பொங்கித் தின்பவர்கள் ஒரு குடும்பம், அடுப்பு வேறானால் குடும்பம் வேறு என்பது அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்த விதி.

"இங்க எத்தனை அடுப்பு எரியுது?" என்று கேட்டார்.

"ஒண்ணுதாங்க," என்றாள் பவுனம்மாள்.

"ரெண்டு சார்," என்றான் ராமர்.

வாத்தியார் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. "ரெண்டுதான். இந்தக் குடும்பத்துக்குத் தலைவர் யாரு?"

"நான்தாங்க," என்று சொல்லிவிட்டு ராமர் சிரித்தான். கூச்சமும் பெருமையுமாக இருந்த அந்தச் சிரிப்பை வள்ளிக்கண்ணு பார்த்தாள். வாத்தியார் கொட்டகை நிலையில் காவிக்கட்டியால் புதிதாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போனார்.

மருதை தோட்டத்திலிருந்து வந்து அதைப் பார்த்தான். பவுனம்மாள் நடந்ததைச் சொன்னாள்.

"சர்க்கார்ல எழுதிக்குடுக்கிற அளவுக்குப் போயிட்டியா? யாரைக் கேட்டுடா பாகம் பிரிச்ச?"

"பாகம் இல்லண்ணே. அடுப்பு மட்டுந்தான்."

மருதை காலை ஓங்கி அடுப்பை உதைத்தான். உலைப்பானை உருண்டு கொதிகஞ்சி இருளாயியின் பாதத்தில் கொட்டியது. அவள் அலறியதைக் கேட்டு ராமர் பாய்ந்து அண்ணனின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். மருதையின் கண் பிதுங்கியது. அவன் கை சுவரில் துழாவி, சார்த்தியிருந்த மண்வெட்டியை எடுத்தது. முதல் அடி தோளில். ராமர் பிடியை விட்டுக் குனிந்தான். இரண்டாவது அடி தலையில். பச்சைத் தேங்காய் உடைவதுபோல ஒரு சத்தம். மறுபடி ஓங்கியபோது வள்ளிக்கண்ணு குறுக்கே போய் விழுந்தாள். அடி விழவில்லை. தன் கையில் இருப்பது என்னவென்று அப்போதுதான் தெரிந்தவனைப் போல மருதை மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தையல் போட்டுவிட்டு, காலை வரைக்கும் தாங்கினால் பார்க்கலாம் என்றார். தாங்கினான். பொழுது விடிந்து, ஜன்னல் கம்பியின் நிழலோடு வெயில் கட்டிலில் வந்து விழுந்தது. இருளாயி அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ராமர் ஒரு மூச்சை ஆழமாக இழுத்தான். அது திரும்பி வரவில்லை. இருளாயி தேய்ப்பதை நிறுத்தவில்லை. வள்ளிக்கண்ணுதான் அவள் கைகளைப் பிடித்து விலக்கினாள்.

போலீஸ் வருவதற்குள், ஊரிலிருந்து ஓடி வந்த பவுனம்மாள் வராந்தாவில் வள்ளிக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டாள். "கால் தடுக்கி அம்மிமேல விழுந்தான்னு சொல்லு வள்ளி. போனவன் போயிட்டான். இருக்கிறவனையாவது விடு. எம்புள்ளைங்க தெருவுல நிக்கும்டி."

இன்ஸ்பெக்டர் கேட்டபோது வள்ளிக்கண்ணு தன் நகக்கண்ணில் காய்ந்து கறுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கண்ணன்தாங்க அடிச்சாரு. மண்வெட்டியால. நான் பார்த்தேன்."

அறுத்துத் தைத்துக் கொடுத்த உடம்பைக் கொள்ளிடக்கரையில் வைத்தார்கள். அண்ணன் ஸ்டேஷனில் இருந்ததால் அழகிரி கொள்ளி போட்டான். ஆண்கள் திரும்பி வருவதற்குள் பவுனம்மாள் வள்ளிக்கண்ணுவைக் கூடத்தில் வைத்து மாறி மாறி அறைந்தாள். "கூடப் பொறந்தவனைக் காட்டிக்குடுத்த முண்ட, இங்க உனக்குச் சோறு கிடையாது!" தகரப்பெட்டி வாசலில் வந்து விழுந்து வாய் பிளந்தது. சேலைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வள்ளிக்கண்ணு கொட்டகைக்குப் போனாள். இருளாயி பாயில் கொஞ்சம் நகர்ந்து படுத்தாள்.

பால் தெளித்த மறுநாள் சவரிராயன் வாத்தியார் மறுபடி வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"மன்னிச்சுக்கம்மா. சரிபார்க்க ஒவ்வொரு வீட்டுக்கும் வரணும்னு உத்தரவு. மார்ச் ஒண்ணாந்தேதி சூரியன் உதிக்கிற நேரத்துல யாரார் உசிரோட இருந்தாங்களோ அவங்கதான் கணக்கு. முன்னாடி போனவங்க பேரை அடிச்சிடணும், பொறந்ததைச் சேர்க்கணும்."

"அதென்ன சார் ஒரு நேரம்?" என்றாள் வள்ளிக்கண்ணு.

"நாடு பூரா அந்த ஒரு விடியல்ல நிறுத்தி எண்ணினாத்தாம்மா கணக்கு நிக்கும். இத்தனை பேருன்னு தெரிஞ்சாத்தான் எங்க பள்ளிக்கூடம் வேணும், எங்க ஆஸ்பத்திரி வேணும்னு கேக்க முடியும்."

பவுனம்மாள் சாணித்தண்ணி வாளியோடு வெளியே வந்தாள். "அவன்தான் ஒழிஞ்சானே, அப்புறம் எதுக்கு அந்த நம்பரு? ஒரே வீடுன்னு எழுதுங்க!" வாளியைக் கொட்டகை நிலையை நோக்கி வீசினாள். சாணித்தண்ணீர் எண்ணின் மேல் வழிந்தது. அதுவரை சுவரோரம் முடங்கிக் கிடந்த இருளாயி எழுந்து பாய்ந்தாள். பவுனம்மாளின் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்துத் தரையில் சாய்த்து, முகத்தைச் சேற்றில் வைத்து அழுத்தினாள். சத்தமே போடாமல் அழுத்தினாள். வள்ளிக்கண்ணு விரல் விரலாகப் பிரித்து அவளை இழுக்க வேண்டியிருந்தது.

வாத்தியார் வள்ளிக்கண்ணுவிடம் மெல்லக் கேட்டார். "அன்னிக்குக் காலையில அவர் போனது... விடியறதுக்கு முன்னாடியாம்மா?"

"கட்டில்ல வெயில் விழுந்துச்சு சார். அதுக்கப்புறந்தான்."

"அப்ப அவர் பேரை அடிக்கக் கூடாது. அவர் கணக்குல இருக்காரு. தலைவர்னு எழுதினது எழுதினபடிதான்."

இருளாயி அவரையே பார்த்தாள்.

பவுனம்மாள் வாயிலிருந்த சேற்றைத் துப்பினாள். "அவரு?" என்றாள்.

"மருதையும் இங்கதாம்மா. மாசம் பூரா இந்த வீட்டுல இருந்தவரு. விடிஞ்சப்புறம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனதுக்காகக் கணக்கு மாறாது."

அவள் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வாத்தியார் வள்ளிக்கண்ணு பக்கம் திரும்பினார். "உன்னை உங்கண்ணன் குடும்பத்துலதான் எழுதியிருக்கேன். இப்ப மாத்த முடியாது."

"இருந்துட்டுப் போகட்டும் சார்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

மத்தியானம் வாழை மண்டிக்காரரின் வண்டி தோட்டத்து வரப்பில் வந்து நின்றது. முற்றிய வாழைத்தாரைத் துக்கம் பார்த்து மரத்தில் விட்டால் பழுத்து வீணாகும். வள்ளிக்கண்ணுவும், வெந்த பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு இருளாயியும் போனார்கள். வள்ளிக்கண்ணு அரிவாளால் தண்டில் ஒரு கொத்து கொத்தினாள். மரம் மெல்ல வளைந்து தாரைத் தாழ இறக்கியது. அடியில் தோளைக் கொடுத்து நின்ற இருளாயி, "பார்த்து வெட்டுங்கக்கா," என்றாள்.

காம்பை வெட்டியதும் கறை பீறிட்டு வள்ளிக்கண்ணுவின் முழங்கை வரை வழிந்தது. அவள் அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இருளாயி தாரை வண்டியில் இறக்கிவிட்டு வரும்வரை காத்திருந்து, அடுத்த மரத்துக்குப் போனாள்.